விசிலண்ணை காட்டின ஐரோப்பா

ஐரோப்பாவைக் கண்டுபிடிச்சது ஆர் எண்டு கேட்டா படிச்ச ஆக்கள் என்னென்னவோ பேர் சொல்லுவினம். நான் எட்டாம் வகுப்பை மூண்டு தரம் படிச்சவன், அந்த வகுப்பிலை எனக்கு அவ்வளவு பிடிப்பு. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பேர்தான். பலெர்மோத் தமிழருக்கு ஐரோப்பாவைக் கண்டுபிடிச்சுக் குடுத்தது விசிலண்ணை. அதோடை விட்டாரே? ஒன்பது நாள் எங்களைப் பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போய், ஆறு நாட்டைச் சுத்தி, அதிலை ஒரு இடத்தையும் பாக்க விடாமல் பத்திரமாத் திருப்பிக் கொண்டுவந்து விட்டதும் அவர்தான்.

அவருக்கு அம்மா அப்பர் வைச்ச ஒரு பேர் இருந்தது. அது அவற்றை பெர்மெஸ்ஸோவிலை, அதுதான் இத்தாலியிலை இருக்கவிடுற அந்தக் கடுதாசியிலை, மட்டும்தான் இருந்தது. வெளியாலை எல்லாருக்கும் விசிலண்ணைதான். நாப்பத்திமூண்டு வயசு, குட்டை, நல்ல தடிப்பு. கழுத்திலை கறுப்பு நூலிலை ஒரு விசில். கையிலை மடிச்சபடி ஒரு குடை. மழை கொட்டினாலும் அதை விரிக்கமாட்டார். குடை ஆக்களுக்கு வழி காட்டுறதுக்கு, நனையாமல் இருக்கிறதுக்கு வீடு இருக்குது எண்டுவார்.

நாங்கள் ரெண்டுபேரும் பலெர்மோவுக்குப் பக்கத்திலை ஸ்ஃபெர்ராகவால்லோவிலை, கடற்கரையோரமா இருந்த ஒரு மலிவு ஹொஸ்டலிலை கோப்பை கழுவினாங்கள். கோடை வந்திட்டா அங்கை பெரிய பெரிய பஸ்ஸா வந்து நிக்கும். பதினெட்டு வயசிலை இருந்து முப்பது வயசு வரைக்கும் உள்ள பெடியள் பெட்டையளுக்கு மட்டும் எண்டு ஒரு சுற்றுலா. பத்து நாளிலை எட்டு நாடு. இங்கிலாந்து, அவுஸ்ரேலியாப் பிள்ளையள் எல்லாம் வெய்யிலிலை அவிஞ்ச நண்டு மாதிரி இறங்குவினம். ஒருநாள் ஒரு பெடியன் என்னட்டை வந்து, இது எந்த நாடு எண்டு கேட்டான். எனக்கும் அப்ப அது வடிவாத் தெரியாது. சிசிலி எண்டன். நன்றி சொல்லிப்போட்டுப் போய்ப் படுத்திட்டான்.

ஒரு பஸ்ஸிலை வாற நாப்பது பேரையும் மேய்க்கிறதுக்கு ஒரு சின்னப் பெட்டை வரும். குடையைத் தூக்கிப் பிடிக்கும், விசில் ஊதும், தலையை எண்ணும். அவ்வளவு குடிவெறிகாரரும் ஆட்டுக்குட்டி மாதிரிப் பின்னாலை போவினம். அண்ணை கழுவின கோப்பையைத் திருப்பித் திருப்பிக் கழுவிக்கொண்டு அதையே பாத்துக்கொண்டு நிப்பார்.

"இஞ்சை பார் தம்பி," எண்டார் ஒருநாள். "ஒரு விசில், ஒரு குடை, நாப்பது பேர். எங்கடை ஆக்கள் நாலு பேரை ஒரு கலியாணத்துக்கு நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகேலாது."

அடுத்த நாள் விசில் வாங்கிப்போட்டார். அதோடை எங்கடை நிம்மதி போச்சு. சூப்புக் கோப்பைக்கு ஒரு ஊதல், பெரிய கோப்பைக்கு ரெண்டு, முள்ளுக் கரண்டிக்கு நீட்டா ஒண்டு. ஹொஸ்டல் பூனை மூண்டாம் நாள் வீட்டை விட்டு ஓடிப் பக்கத்து மீன் கடையிலை தஞ்சம் கேட்டுது.

ஞாயிற்றுக்கிழமையிலை நாங்கள் சைவக்காரர், வேதக்காரர் எல்லாரும் சேந்து மலையேறிச் சந்தா ரொசாலியா எண்ட பலெர்மோக் காவல் புனிதையைக் கும்பிடப் போறது வழக்கம். அண்ணை குடையைத் தூக்கிக்கொண்டு முன்னாலை நடப்பார். ஒருக்கா ஒரு மொரிசியஸ் குடும்பம், புருசன், பொஞ்சாதி, மூண்டு பிள்ளையள், தெரியாத்தனமா எங்கடை வரிசைக்கை வந்திட்டுது. அண்ணை அவையளையும் எண்ணிப்போட்டார். எண்ணினாப் பிறகு விடமாட்டாராம், கணக்குக் குழம்புமாம். அந்த மனிசன் ஏதோ பிரெஞ்சிலை கெஞ்சிப் பாத்தார். கடைசியிலை எங்களோடை வந்து மத்தியானம் சோறு திண்டு, பின்னேரம் விசில் ஊதினாப் பிறகுதான் வீட்டை போச்சினம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவையளாகவே வந்து வரிசையிலை நிண்டவை. நல்ல சாப்பாடு அண்டைக்கு.

இப்பிடி இருக்கேக்கைதான் தொண்ணூத்தெட்டு வந்தது. இத்தாலியும் எல்லையில்லா நாடுகளோடை சேந்து, பெர்மெஸ்ஸோ வைச்சிருக்கிறவன் விசா இல்லாமல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போகலாம் எண்டு வந்த முதல் கோடை. ஓகஸ்ட்டிலை லிபெர்த்தா எண்ட பணக்காரத் தெருப்பக்கத்துச் சிஞ்ஞோராமார், அதுதான் வீட்டுக்கார அம்மாமார், எல்லாரும் வீட்டைப் பூட்டிப்போட்டுக் கடலுக்குப் போயிடுவினம். அவையளின்ரை வீடு துடைக்கிற எங்கடை பெடியளுக்கும் பெட்டையளுக்கும் லீவு. ஒன்பது நாள் விசில் சத்தம் இல்லாட்டிக் காணும் எண்டு ஹொஸ்டல்காரன் எங்கள் ரெண்டுபேருக்கும் லீவு தந்தான். அண்ணை ஒரு பெரிய அட்டையிலை எழுதி, தமிழ்க் கடையிலை கருவாட்டுப் பெட்டிக்கு மேலை ஒட்டினார். இளைஞர் ஐரோப்பியச் சுற்றுலா. ஒன்பது நாள், ஆறு நாடு. வயது பதினெட்டு முதல் முப்பது வரை.

எனக்கு அப்ப முப்பத்திநாலு. ஆனா எனக்கு ரெண்டு பிறந்தநாள் இருக்குது. ஒண்டு அம்மா பெத்தது, மற்றது என்னைக் கள்ளக் கடுதாசியிலை வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்சிக்காரன் பெத்தது. ஏஜென்சிக்காரன்ரை கணக்கிலை எனக்கு இருபத்தேழு. அண்ணை என்ரை பெர்மெஸ்ஸோவை வாங்கிப் பாத்தார், என்ரை முன்மண்டையைப் பாத்தார், இருபத்தேழு வயசிலை இவ்வளவு நிலம் வெளிச்சிருக்குதே எண்டார். ஆனாலும் பேரை எழுதினார். உங்களுக்கு நாப்பத்திமூண்டெல்லோ எண்டு நான் கேட்டதுக்கு, கைடுக்கு வயசில்லை எண்டிட்டார்.

இருபத்திரண்டு பேர் சேந்தம். எங்கை படுக்கிறது எண்டு ஒரு கேள்வி வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளையள் ஹொஸ்டலிலையும் கூடாரத்திலையும் படுக்குதுகள். எங்களுக்கு அது சரிவராது. சொந்தக்காரன் இருக்கிற ஊரிலை போய் நீ வேறை இடத்திலை படுத்தா, அவன் சாகும் மட்டும் உன்னோடை கதைக்கமாட்டான். அதாலை அண்ணை ஆருக்கு ஆர் எந்த ஊரிலை இருக்கினம் எண்டு விசாரிச்சு, அதை வைச்சுப் பாதை போட்டார். மற்ற ஆக்களின்ரை சுற்றுலாப் பட்டியலிலை கோபுரம், கோட்டை, பாலம் எண்டு இருக்கும். எங்கடையிலை நாள் ஒண்டு, ரோம், ஜெகனின்ரை மச்சாள் வீடு. நாள் மூண்டு, பாரிஸ், ரஞ்சியின்ரை பெரியம்மா வீடு. நாள் அஞ்சு, ஹொலண்ட், என்ரை சித்தப்பா வீடு. நாள் ஆறு, டோர்ட்முண்ட்.

டோர்ட்முண்டுக்குப் பக்கத்திலை ஒண்டும் எழுதியிருக்கேல்லை. எல்லாரும் அதைப் பாத்தம். ஒருத்தரும் கேக்கேல்லை.

ஏனெண்டா எல்லாருக்கும் தெரியும். டோர்ட்முண்டிலை இருக்கிறது வதனி, அண்ணையின்ரை ஒரே தங்கச்சி. தாய் தகப்பன் வேளைக்கே செத்துப்போனதாலை அண்ணைதான் வளத்து, அண்ணைதான் ஜெர்மனிக்கு அனுப்பினவர். பலெர்மோவிலை இருந்துகொண்டே அவவுக்கு ஒரு மாப்பிள்ளையும் பேசி முடிச்சார். தங்கச்சியார் அங்கை ஃபக்டரியிலை வேலை செய்த ஒருத்தரைத் தானாப் பாத்துக் கட்ட வெளிக்கிட்டா. கலியாணத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த அண்டைக்கு அண்ணை ஹொஸ்டல் குசினியிலை எல்லாருக்கும் முன்னாலை சத்தியம் பண்ணினவர். கற்பூரம் இல்லாததாலை காஸ் அடுப்பைப் பத்தவைச்சு அதுக்கு மேலை கையைப் பிடிச்சார். செத்தாலும் அவளின்ரை வாசல்படி மிதிக்கமாட்டன் எண்டார். சத்தியம் முடிய முதல் கை வெந்துபோச்சு. ஒரு கிழமை நான்தான் அவற்றை கோப்பையையும் கழுவினன்.

ஒன்பது வருசம் போச்சு. கோவம் எப்பவோ போட்டுது, சத்தியம்தான் போகேல்லை. அந்த வீட்டுக்கு அவர் ஒரு அண்ணனாப் போகேலாது. ஆனா கைடாப் போகலாம், முன்னாலை இருபத்திரண்டு பேரை விட்டுப்போட்டு. தங்கச்சியின்ரை முகத்தை ஒருக்காப் பாக்கிறதுக்கு ஆறு நாட்டைச் சுத்திப் பாதை போட்ட மனிசன் உலகத்திலை அவர் ஒராள்தான் இருப்பார்.

போக ஒரு கிழமை இருக்கேக்கை என்னை ரெயில் ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை இருந்த ரெலிபோன் கூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு நம்பரைத் தந்து, பலெர்மோவிலை இருந்து ஒரு டூர் வருது, இருபத்திரண்டு பேருக்கு மத்தியானச் சாப்பாடு ஏலுமோ எண்டு கேள், என்ரை பேரைச் சொல்லாதை எண்டார். நான் உள்ளை. அவர் வெளியாலை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதைக் கண்ணாடியிலை ஒட்டினபடி.

நான் விசயத்தைச் சொன்னன்.

"ஆர் கூட்டிக்கொண்டு வாறது?" எண்டு கேட்டா அந்த அக்கா.

"ஒரு கைட், அக்கா."

"கைட் என்ன சாப்பிடுவார்?"

நான் கதவைத் திறந்து, கைட் என்ன சாப்பிடுவாராம் எண்டு கேட்டன். கைட் சாப்பிடமாட்டார் எண்டு சொல்லு எண்டார் வானத்தைப் பாத்தபடி. சொன்னன்.

"அப்பிடியோ," எண்டா. "கணவாய்க் கறி வைக்கிறன் எண்டு சொல்லிவிடுங்கோ."

சொன்னன். அண்ணை குடையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, பின்னாலை ஒருத்தரும் இல்லாமல், ரோட்டைக் கடந்து போனார். நான் ஓடிப்போய்ப் பின்னாலை சேந்தன், பாக்கிறவைக்கு ஒரு மாதிரி இருக்கும் எண்டு.

பஸ்ஸின்ரை கதை வேறை. பகேரியாவிலை பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தி இறக்கிற பஸ் அது. ஓடுறவன் பெப்பே. அவன் அதுவரைக்கும் ஓடின ஆகத் தூரம் மெஸ்ஸினா, சிசிலித் தீவின்ரை மற்ற முனை. கப்பலிலை பஸ்ஸை ஏத்தி அங்காலைக் கரைக்குப் போகேக்கை, தாயிட்டைச் சொல்லாமல் நாட்டை விட்டு ஓடுறவன் மாதிரி அழுதான். வெளிக்கிட முதல் நாங்கள் முறைப்படி ரயருக்குக் கீழை எலுமிச்சம்பழம் வைச்சம். சிசிலி எலுமிச்சம்பழம், ஒவ்வொண்டும் தேங்காய் அளவு. பஸ் அதிலை ஏறி இறங்கினதிலை மேல் தட்டிலை இருந்த ரைஸ் குக்கர் ரெண்டு விழுந்து என்ரை தலையிலை முட்டிச்சுது. பேந்து குக்கரையெல்லாம் நடுச் சீற்றிலை அடுக்கினம். முன்னாலை பெட்டையள், பின்னாலை பெடியள், நடுவிலை குக்கர் வரிசை. ஐரோப்பாவிலை எல்லா எல்லையும் திறந்த வருசம் அது. அந்த எல்லை மட்டும் கடைசி வரைக்கும் திறக்கேல்லை.

ரோமிலை நான் ஒரு வேலை பாத்தன். ஜெகனின்ரை மச்சாள் வீட்டிலை மூண்டு தரம் சோறு போட்டுத் திண்டுபோட்டு, அந்தப் பெரிய பழைய வட்டக் கட்டிடத்தைப் பாக்கப் போனம். பஸ் நிக்கேக்கை நான் பின் சீற்றிலை நித்திரை. பெப்பே பூட்டிப்போட்டுப் போட்டான். ஓகஸ்ட் வெய்யில். முழிச்சு யன்னலிலை அடிக்கிறன், வெளியாலை நிண்ட ஒரு யப்பான்காரன் என்னைப் போட்டோ எடுத்துக்கொண்டு போறான். அவையள் திரும்பி வரேக்கை நான் அரைவாசிக் கருவாடு. அந்தக் கட்டிடத்தை ஒருத்தரும் உள்ளை போய்ப் பாக்கவும் இல்லை. வாசலிலை நிண்டு தலை எண்ணேக்கை ஒராள் குறைஞ்சதாலை, இருந்த நேரம் முழுக்க என்னைத்தான் தேடினவையாம். இருபத்தொரு பேரும் ரோமிலை பாத்தது என்னைத் தேடின ஒழுங்கையளைத்தான்.

அண்ணை விசிலை நீட்டா ஊதி ஒரு சட்டம் போட்டார். "இனிமேல் பஸ் நிண்டா சீற்றிலை ஒரு உயிரும் இருக்கப்படாது. நான் உட்பட. ஒவ்வொரு சீற்றையும் பாத்திட்டுக் கடைசியா இறங்கிறது நீ. பஸ் வெறுமை எண்டு நீ வந்து சொன்னாப் பிறகுதான் நான் குடையைத் தூக்குவன்."

என்ரை வாழ்க்கையிலை எனக்குக் கிடைச்ச ஒரே பதவி அதுதான். நான் அதை வலு கவனமாப் பாத்தன்.

பாரிஸிலை ரஞ்சியின்ரை பெரியம்மா அஞ்சாம் மாடியிலை இருந்தவ, லிஃப்ட் இல்லை. ரெண்டு அறைக்குள்ளை இருபத்திரண்டு பேரும், பெப்பேயும், அண்ணையும். புட்டும் ஆட்டிறைச்சியும் முடிய, பெரியம்மா மகள் பெரிய பிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோவைப் போட்டா. மூண்டு கசெற். எங்கடை ஆக்களின்ரை வீட்டுக்குப் போனா இது சாப்பாட்டோடை சேந்த கறி மாதிரி, வேண்டாம் எண்டு சொல்லேலாது. ஆனா அண்ணை அதுக்கும் ஒரு வழி வைச்சிருந்தார். சரியா கால் மணித்தியாலத்திலை விசில். "மிச்சம் அடுத்த டூரிலை அக்கா" எண்டு எழும்பிடுவார். ரோமிலை அப்பிடித்தான் தப்பினம். பாரிஸிலையும் ஊதினார். பெரியம்மா அசையேல்லை, வடை சுடுறன், திண்டுட்டுத்தான் போகவேணும் எண்டு கதவைப் பூட்டித் திறப்பை எடுத்து இடுப்பிலை செருகினா.

அந்தக் கோபுரத்தைப் பாக்கவேணும் எண்டு பெட்டையள் அழுற நிலைமை. அதுக்கென்ன, குசினி யன்னலாலை பாக்கலாம் எண்டா பெரியம்மா. உண்மைதான். அரைவாசி உடம்பை வெளியாலை விட்டு, ரெண்டுபேர் காலைப் பிடிச்சுக்கொண்டா, இடப்பக்கம் தூரத்திலை அதின்ரை நுனி தெரியும். அண்ணை வரிசை பிடிச்சார். ஒரு ஆளுக்குப் பத்து எண்ணும் மட்டும், ஒரு விசில், அடுத்த ஆள். என்ரை முறை வரேக்கை காலைப் பிடிச்ச ரெண்டுபேரிலை ஒராளுக்கு வடை வந்திட்டுது, ஒரு கையை விட்டிட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டன். அதாலை நான் பாரிஸிலை கண்டது கறுப்பு மட்டும்.

ஹொலண்டிலை காற்றாலை பாத்தம். என்ரை சித்தப்பாவின்ரை ஃபிரிட்ஜிலை ஒட்டியிருந்தது. ஊதினாச் சுத்தும். ஒவ்வொருத்தரா ஊதிப் பாத்தம்.

ஆறாம் நாள் காலமை அண்ணை விசில் ஊதேல்லை. பஸ்ஸிலை முன் சீற்றிலை வரைபடத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு இருந்தார். ஜெர்மனிக்குள்ளை வந்து ரெண்டு மணித்தியாலமாகியும் அது ஹொலண்ட் பக்கத்திலையே விரிஞ்சிருந்தது. புதுச் சேட்டு. தலைக்கு எண்ணெய் வைச்சு இழுத்திருந்தார். பின்னாலை பெடியள் எப்பவும் போடுற கூத்து ஒண்டும் இல்லை. பெப்பேக்குத் தமிழ் தெரியாது, ஆனா அவனும் ரேடியோவை நிப்பாட்டிப்போட்டான்.

வதனியக்கா வீடு ஒரு மாடிக் கட்டிடத்திலை கீழ்த்தட்டு. பஸ் நிக்க வாசலிலை அவவும் புருசனும். எல்லாரும் இறங்கி உள்ளை போச்சினம். நான் என்ரை பதவிப்படி பின் சீற்றிலை இருந்து ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு வந்தன். குக்கர் வரிசை தாண்டி முன்னாலை வந்தா அண்ணை இருக்கிறார், வரைபடத்துக்குள்ளை முகத்தை விட்டபடி.

"அண்ணை, பஸ் வெறுமையில்லை."

"எண்ணிப் பார். இருபத்தொண்டும் இறங்கியாச்சு, மிச்சம் நீதான்."

"நான் உட்பட எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"கைட் கணக்கிலை இல்லை. நீ போய்ச் சாப்பிடு தம்பி. நான் இஞ்சை இருந்து பாதை பாக்கிறன்."

"பாதை தலைகீழா இருக்குது அண்ணை."

அவர் திருப்பிப் பிடிச்சார். இவ்வளவு தூரம் வந்த மனிசனுக்கு இருபது அடி நடக்கேலாமல் இருக்குது. நான் பகிடி விடுறதுக்கு வாயைத் திறந்து மூடிப்போட்டன். எனக்கு அது அடிக்கடி நடக்கிறதில்லை.

அப்ப வதனியக்கா பஸ் வாசலுக்கு வந்தா. அண்ணா எண்டு கூப்பிடேல்லை. கையிலை அகப்பை.

"கைட், உங்கடை ஆக்கள் எல்லாரும் கோப்பையோடை இருக்கினம். கைட் வராமல் நான் பரிமாறமாட்டன்."

அண்ணை வரைபடத்தைப் பாத்துக்கொண்டு கதைச்சார். "வீட்டுக்கார அம்மா குறை நினைக்கப்படாது. நான் ஒரு சத்தியம் பண்ணினனான்."

"தெரியும். வாசல்படி."

"ஓம். வாசல்படி."

யன்னலிலை இருபத்தொரு முகம், கணவாய்க் கறி வாசம் ரோட்டு மட்டும் வருது. அப்பதான் எட்டாம் வகுப்பை மூண்டு தரம் படிச்ச என்ரை மூளை வாழ்க்கையிலை முதல் தரமா வேலை செய்தது. கீழ்த்தட்டு வீடு. பக்கவாட்டிலை ஒரு பல்கனி, நெஞ்சளவு கம்பி, அங்காலை கண்ணாடிக் கதவு.

"அண்ணை," எண்டன், "அடுப்புக்கு மேலை கை பிடிச்சு நீங்கள் சொன்னது வாசல்படியை. நான் பக்கத்திலை நிண்டு கேட்டனான். பல்கனியைப் பற்றி நீங்கள் வாயே திறக்கேல்லை."

அண்ணை முதல் தரமா வரைபடத்தை மடிச்சார்.

பிறகு நடந்ததைச் சொன்னா நீங்கள் நம்பமாட்டியள். ஆறு பெடியள் கீழை, நாலு பேர் மேலை. அண்ணை ஒரு கையிலை குடை, வாயிலை விசில். ஒரு காலைத் தூக்கி வைச்சார், சேட்டு கம்பியிலை மாட்டிச்சுது, அவர் மூச்சு விட விட விசில் தானா ஊதுது. நான் கீழை இருந்து முட்டுக் குடுத்தன். என்ரை தோளிலை அவற்றை சப்பாத்து, என்ரை முகத்திலை அவற்றை மிச்சம். மேல் வீட்டிலை பூவுக்குத் தண்ணி ஊத்தின ஒரு ஜெர்மன் மனிசி எட்டிப் பாத்துப்போட்டு என்னவோ கேட்டா. வதனியக்கா ஜெர்மனிலை ஒரு வசனம்தான் சொன்னவ. மனிசி தலையாட்டிப்போட்டுத் தண்ணிக் கானைக் கீழை வைச்சிட்டு, சாஞ்சு நிண்டு பாக்கத் தொடங்கினா. என்ன சொன்னனீங்கள் எண்டு பிறகு கேட்டன். என்ரை அண்ணா வந்திருக்கிறார் எண்டு சொன்னனான் எண்டா.

கணவாய்க் கறியைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். பலெர்மோவிலை கணவாய்க்குக் குறைவே இல்லை. ஆனா அண்ணை ஒன்பது வருசம் அதைத் தொட்டதில்லை, இந்தக் கடல் கணவாய் சரியில்லை எண்டுவார். அண்டைக்கு டோர்ட்முண்டிலை ஐஸ் பெட்டிக் கணவாயிலை நாலு கோப்பை சோறு திண்டார். கைட் சாப்பிடமாட்டார் எண்டு எனக்கு ஆரோ சொன்ன ஞாபகம் எண்டா வதனியக்கா, அஞ்சாவது அகப்பையைப் போட்டுக்கொண்டு.

சாப்பாடு முடிய, வழக்கம்போலை வீட்டுக்காரர் எழும்பி வீடியோவைப் போட்டார். ஆர் வீட்டுக்கு வந்தாலும் போட்டுப் பழகின கை, யோசிக்காமல் போட்டுது. போட்டாப் பிறகுதான் தான் என்ன போட்டது எண்டு மனிசனுக்கு விளங்கிச்சுது. அவையளின்ரை கலியாணம். அண்ணை போகாத கலியாணம்.

நாங்கள் எல்லாரும் அண்ணையின்ரை விசிலைப் பாத்தம். கால் மணித்தியாலம் போச்சு. ஊதேல்லை. அரை மணித்தியாலம் போச்சு.

மாப்பிள்ளை வாற கட்டம் வந்தது. எங்கடை முறையிலை பொம்பிளையின்ரை சகோதரன்தான் தோழனா நிண்டு, மாப்பிள்ளையின்ரை காலைக் கழுவி, கையைப் பிடிச்சு உள்ளை கூட்டிக்கொண்டு வரவேணும். அதுக்கு மாப்பிள்ளை அவருக்கு ஒரு மோதிரம் போடுவார். ரீவியிலை ஒரு ஆறடி வெள்ளைக்காரன், வேட்டி முழங்காலுக்கு மேலை, தலைப்பாகை கண்ணை மூடிப்போட்டுது, செம்புத் தண்ணியை மாப்பிள்ளையின்ரை காலிலை ஊத்துறதுக்குப் பதிலா வேட்டியிலை ஊத்துறான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிச்சம். அண்ணை சிரிக்கேல்லை.

"உவர் ஆர்?" எண்டார்.

"என்னோடை ஃபக்டரியிலை வேலை செய்தவர், போலந்துக்காரன்," எண்டார் வதனியக்காவின்ரை புருசன். "அப்ப இஞ்சை எங்களுக்கு வேறை ஆக்கள் இல்லை."

"தண்ணியை உப்பிடியே ஊத்துறது. காலைப் பிடிக்கவே தெரியேல்லை. திருப்பிப் போடுங்கோ."

திருப்பிப் போட்டார். மூண்டு தரம் பாத்தார் அண்ணை. மூண்டாந்தரம் கையை முன்னாலை நீட்டி, செம்பு பிடிக்கிற மாதிரிப் பிடிச்சு, இப்பிடி எண்டு ரீவிக்குக் காட்டினார். அதுக்குப் பிறகு அந்தக் கையைக் கீழை போட அவருக்கு ஏலாமல் போச்சு. வதனியக்கா குசினிக்குள்ளை போய் தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டா. கோப்பை கழுவுறவன் நான், எனக்குத் தெரியும், அது கோப்பை கழுவுற சத்தம் இல்லை.

புருசன் எழும்பி அறைக்குள்ளை போய் ஒரு சின்னப் பெட்டியோடை வந்தார். "போலந்துக்காரன் அண்டைக்கே திருப்பித் தந்திட்டான். இது எனக்குரியது இல்லை, உங்கடை வீட்டு ஆள் வரேக்கை குடுங்கோ எண்டவன்."

மோதிரம். ஆனா ஒன்பது வருசம் சவர்க்காரத் தண்ணியிலை ஊறின விரல் அண்ணையின்ரை. முதல் கணுவையே தாண்டேல்லை. சவர்க்காரம் போட்டும் பாத்தம், எண்ணெய் போட்டும் பாத்தம். சுண்டு விரலும் சரிவரேல்லை. கடைசியிலை அண்ணை கழுத்து நூலைக் கழட்டி, விசிலுக்குப் பக்கத்திலை மோதிரத்தைக் கோத்துத் திருப்பிக் கட்டினார்.

வெளிக்கிடேக்கை பொழுதுபட்டிட்டுது. அண்டைக்குப் போற வழியிலை பாக்க நினைச்ச ஆறு, பாலம், பெரிய தேவாலயம் எல்லாம் போச்சு. ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லை. அண்ணை முன்வாசலாலை நடந்து வந்தார். படியிலை காலை வைக்க முதல் எங்களைப் பாத்து, வெளியாலை போறதுக்கு நான் ஒரு சத்தியமும் பண்ணேல்லை எண்டார், நாங்கள் கேக்காமலே. வதனியக்கா வாசலிலை நிண்டு, "போட்டு வாங்கோ அண்ணா" எண்டா. அண்ணை திரும்பிப் பாக்காமல் விசிலைப் பலமா ஊதினார். எல்லாரும் ஏற்கெனவே பஸ்ஸிலை ஏறியாச்சு. ஊதுறதுக்கு ஒரு காரணமும் இல்லை.

அடுத்த வருசமும் டூர் போட்டார். அதே கருவாட்டுப் பெட்டி, புது அட்டை. ஒன்பது நாள். நாள் ஒண்டிலை இருந்து ஒன்பது வரைக்கும், டோர்ட்முண்ட், தங்கச்சி வீடு. சேந்தது நான் மட்டும்தான். ரெயிலிலை போனம். ஒவ்வொரு ஸ்ரேசனிலையும் குடையைத் தூக்கிப் பிடிச்சு என்னை எண்ணினார். ஒண்டு எண்டு வந்தது. சரி எண்டார்.

ரெண்டாயிரம் பிறக்க முதல் அவர் டோர்ட்முண்டுக்கே, தங்கச்சிக்குப் பக்கத்திலை, குடிபோயிட்டார். நான் இப்பவும் பலெர்மோதான், இப்பவும் கோப்பைதான். ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு வேலைக்குப் போற பஸ்ஸிலை நான்தான் கடைசியா இறங்கிறது. றைவர் கத்துவான். கத்தட்டும். பின் சீற்றிலை இருந்து முன் சீற் வரைக்கும் ஒவ்வொண்டாப் பாத்திட்டுத்தான் இறங்குவன், ஆராவது ஒருத்தர் வரைபடத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு இறங்க வெக்கப்பட்டு இருக்கினமோ எண்டு.